தாயின் பொய்: 'அக்கினிப் பிரவேசம்' கிளப்பிய உணர்வும் எழுத்தும்

கதை படித்தால் பிறர் மனம் விளங்கும் என்ற பழைய நம்பிக்கைக்கு 2013இல் ஆய்வகச் சான்று கிடைத்ததாகப் பலர் மகிழ்ந்தனர். டேவிட் கிட், இமானுவேல் காஸ்டானோ இருவரும் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இலக்கியத் தரமான புனைகதைகளைச் சிறிது நேரம் படித்தவர்கள், கண்கள் மட்டும் தெரியும் படங்களைப் பார்த்து உணர்ச்சியைக் கண்டுபிடிக்கும் சோதனையில் மற்றவர்களைவிடத் தேர்ந்திருந்தார்கள் என்பது அதன் முடிவு. 'சயின்ஸ்', 'நேச்சர்' இதழ்களில் வந்த 21 சமூக அறிவியல் ஆய்வுகளை வேறொரு குழு மறுபடி செய்து பார்த்து 2018இல் முடிவுகளை வெளியிட்டபோது 13 தேறின; இந்த ஆய்வு தேறவில்லை. இதனால் சிறுகதைக்கு இழுக்கு ஏதும் இல்லை. எனக்கு ஐயம் அளவுகோலின் மேல்தான். படத்தருகே தந்துள்ள நான்கு சொற்களில் ஒன்றைத் தேர்வதே அந்தச் சோதனை. நல்ல சிறுகதையோ அப்படி ஒரு சொல்லில் அடங்க மறுக்கிறது.

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' (ஆனந்த விகடன், 1966) இதற்குத் தக்க சான்று. மழையில் பேருந்துக்கு நின்ற கல்லூரிப் பெண் முன்பின் தெரியாதவனின் காரில் ஏறுகிறாள். கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். நடந்ததைக் கேட்ட விதவைத் தாய் முதலில் மகளை அடிக்கிறாள். சத்தம் கேட்டு அண்டைக் குடித்தனக்காரர்கள் விசாரிக்கும்போது, மழையில் தெப்பமாக நனைந்து வந்துவிட்டாள் என்று சமாளிக்கிறாள். பிறகு மகளின் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். பேசப்பட்டதெல்லாம் இந்தத் தண்ணீரைப் பற்றித்தான். கதையின் திருப்பம் அதற்கு முன்பே, அந்தப் பொய்யில் நிகழ்ந்துவிடுகிறது என்பது என் வாசிப்பு. அடித்த கை ஓயுமுன்பே வாய் மகளைக் காக்கத் தொடங்கிவிட்டது. தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளில் வெகுளி, அச்சம், இளிவரல், அழுகை எனக் குறைந்தது நான்கு அந்த ஒரு கணத்தில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. எது முந்தியது என்று வாசகர்தான் முடிவு செய்தாக வேண்டும். அப்படி முடிவு செய்பவர் பாதிக் கதாசிரியராகிவிடுகிறார். உணர்வைப் புரிந்துகொள்வதையும் கற்பனையையும் தனித்தனிப் பயன்களாகப் பிரித்துப் பேசுவது அதனால்தான் எனக்குப் பொருந்தவில்லை.

கதை வெளியானதும் எதிர்ப்பும் ஆதரவும் ஒருசேரக் கிளம்பின. முடிவை மாற்றி எழுதிப் பார்த்தவர்களும் உண்டு. மாற்றி எழுதியவர்களைக் கதை புரியாதவர்கள் என்று ஒதுக்குவது வழக்கம். ஆனால் எந்தத் தாயும் இப்படிச் செய்யமாட்டாள் என்று வாதிடுகிறவரும் தன் வீட்டுத் தாயை அந்த முற்றத்தில் நிறுத்திப் பார்த்த பிறகுதானே வாதிடுகிறார்! கதையோடு உடன்படுவதைவிட முரண்படுவதற்குக் கூடுதல் கற்பனை வேண்டியிருக்கிறது.

அந்த முரண்பாட்டை முழுமையாகக் கையிலெடுத்தவர் ஜெயகாந்தனே. தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால்? தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்ற பெயரில் தொடராக வந்து, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' ஆன நாவலுக்கு இந்தக் கேள்விதான் வித்து. சாகித்திய அகாதெமி அதற்கு 1972ஆம் ஆண்டுக்கான விருதை வழங்கியது. அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்த, படித்து வேலைக்குப் போகும் நாவலின் நாயகி கங்கா, ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' கதையைப் பத்திரிகையில் படிக்கிறாள். தன்னைப் போன்ற ஒருத்திக்கு வாய்த்த தாய் தனக்கு வாய்க்கவில்லை என்பதை அச்சில் காண்கிறாள். சிறுகதையில் தாயின் குரல்தான் ஓங்கி நிற்கிறது. மகள் பெரும்பாலும் தண்ணீர் ஊற்றப்படுபவள். இதைக் கதையின் குறை என்றே சொல்வேன். ஆனால் மகள் பேசாமல் விட்ட அந்த இடம் காலியாக இருந்ததால்தான் கங்காவுக்குப் பேச இடம் கிடைத்தது. எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தால் நாவலுக்கு வேலையே இருந்திருக்காது.

இந்தத் தொடர்ச்சி 1966க்கும் முந்தியது. தலைப்பே சீதையின் தீக்குளிப்பைச் சுட்டுகிறது. புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' (1943) அதே தீயை அகலிகையின் பக்கமிருந்து பார்த்தது. தன்னைக் கல்லிலிருந்து மீட்ட ராமனே சீதையைத் தீக்குளிக்கக் கேட்டான் என்று அறிந்ததும் அகலிகை மீண்டும் கல்லாகிறாள். காவியத்தில் அவளுக்குக் கிடைத்த மன்னிப்பு ஒரு கொடை. இங்கே அது தனக்கு மட்டுமான சலுகை என்று தெரிந்ததும் அதை உதறுகிறாள். ஜெயகாந்தன் கதையில் தூய்மையைத் தீர்மானிக்கும் அதிகாரம் ராமனிடமும் முனிவனிடமும் இல்லை, சமையற்கட்டில் உழலும் ஒரு விதவையிடம் போய்விட்டது. ஆயினும் சுத்தம் செய்தாக வேண்டும் என்ற எண்ணம் அங்கும் ஒழியவில்லை. கங்காவின் கதை அந்த எண்ணத்தையே கேள்விக்குள்ளாக்குகிறது.

நம் வகுப்பறைகளில் சிறுகதைக்குக் கேட்கப்படும் வினா பெரும்பாலும் ஒன்றே: கதையின் மையக்கருத்து யாது? 'தாயின் பெருந்தன்மை' என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். அந்தப் பொய் யார் கண்ணிலும் படாது. மாறாக, விசாரிக்க வந்த அண்டை வீட்டுக்காரி சொல்வதாகக் கதையைத் திரும்ப எழுதச் சொல்லலாம். அவள் அந்தப் பதிலை நம்பினாளா, நம்பியதுபோல் திரும்பிப் போனாளா என்பதை எழுதுகிற மாணவர்தான் தீர்மானித்தாக வேண்டும்.