ஃபயர்!! – ஒரே இதழோடு நின்றுபோன ஹார்லெம் சிறுபத்திரிகை

'ஃபயர்!!' 1926 நவம்பரில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்து வெளிவந்த இலக்கிய, கலை இதழ். இளைய நீக்ரோ கலைஞர்களுக்கு உரியது என்று அட்டையிலேயே அறிவித்துக்கொண்டது. (கறுப்பின மக்கள் தம்மைக் குறிக்க அன்று பயன்படுத்திய சொல் அது.) காலாண்டிதழாகத் திட்டமிடப்பட்டு, முதல் இதழோடு நின்றது. ஆசிரியர் வாலஸ் தர்மன். உடன் நின்றவர்கள் லாங்ஸ்டன் ஹியூஸ், ஜோரா நீல் ஹர்ஸ்டன், குவென்டலின் பென்னட், ரிச்சர்ட் புரூஸ் நியூஜென்ட், ஜான் பி. டேவிஸ், ஓவியர் ஆரன் டக்ளஸ் ஆகியோர். பெரும்பாலோருக்கு வயது இருபதுகளில். ஹர்ஸ்டன் பிறந்தது 1891இல். ஆனால் தன் வயதில் பத்து ஆண்டுகளைக் குறைத்துச் சொல்லி வந்ததால் அவரும் இளையவர்களில் ஒருவராகவே கருதப்பட்டார்.

அன்று கறுப்பின எழுத்தாளருக்கு இருந்த முக்கிய மேடைகள் இரண்டு. ஒன்று, நிறவெறிக்கு எதிரான தேசியச் சங்கத்துக்காக டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் நடத்திய 'கிரைசிஸ்'. மற்றொன்று, சார்லஸ் எஸ். ஜான்சன் நடத்திய 'ஆப்பர்ச்சுனிட்டி'. இளையவர்களும் இவற்றில் எழுதித்தான் பெயர் பெற்றார்கள். ஆனால் இரண்டும் இயக்க ஏடுகள். கறுப்பினத்தவர் கல்வியும் பண்பும் உள்ளவர்கள் என்பதை வெள்ளை உலகுக்குக் காட்டும் பொறுப்பு அவற்றின் தலைமேல் இருந்தது.

மூத்தவர்களின் அச்சத்தை வெறும் பழைமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. கறுப்பின ஆண்களைக் கும்பல்கள் கொன்றுகொண்டிருந்த காலம் அது. அக்கொலைகளைத் தடுக்க வந்த டையர் மசோதா 1922இல் கீழவையில் நிறைவேறியும் மேலவையில் முடக்கப்பட்டது. கறுப்பினத்தவரை ஒழுக்கமற்றவர்களாகக் காட்டும் நாடகமும் திரைப்படமும் அந்தக் கொலைகளுக்கு நியாயம் கற்பித்தன. எல்லாக் கலையும் பிரச்சாரமே என்று டு பாய்ஸ் 1926இல் வாதிட்டது இந்தச் சூழலில்தான்.

அதே ஆண்டு ஜூனில் ஹியூஸ் 'நேஷன்' வார இதழில் எழுதிய கட்டுரை வேறு திசையில் சென்றது. வெள்ளையர் மகிழ்ந்தாலும் வருந்தினாலும், கறுப்பினத்தவரே முகம் சுளித்தாலும், தாங்கள் உள்ளதை உள்ளபடி எழுதப்போவதாக அவர் அறிவித்தார். ஜாஸ் இசை, கூலி வேலை, ஏழைத் தெருக்களின் பேச்சு எல்லாம் அவருக்கு இலக்கியத்தின் பொருள்களாயின. அந்தக் கோடையில் ஹார்லெமின் 136ஆவது தெருவில், தர்மனும் நியூஜென்டும் தங்கியிருந்த வாடகை அறைகளில் நண்பர்கள் கூடினார்கள். 'ஃபயர்!!' அங்கே உருவானது.

அட்டையை டக்ளஸ் சிவப்பிலும் கறுப்பிலும் வரைந்தார். கவிதைப் பகுதியில் ஹியூஸ், கவுன்டி கல்லன், ஹெலீன் ஜான்சன், ஆர்னா போன்டெம்ஸ் ஆகியோர் இடம்பெற்றார்கள். தர்மனின் கதை ஹார்லெமில் பாலியல் தொழிலுக்குள் செல்லும் ஒரு பெண்ணைப் பற்றியது. ஹர்ஸ்டனின் நாடகம், கறுப்பினத்தவருக்குள்ளேயே புழங்கிய நிற ஏற்றத்தாழ்வைப் பேசியது.

இதழின் மிகச் சிறந்த படைப்பு ஹர்ஸ்டனின் 'ஸ்வெட்' சிறுகதை. ஃபுளோரிடாவில் வெள்ளையர் துணிகளை வெளுத்துக் குடும்பத்தைத் தாங்கும் டீலியாவின் கதை அது. அவள் உழைப்பில் எழுந்த வீட்டைப் பறித்து இன்னொருத்திக்குக் கொடுக்க நினைக்கிறான் கணவன். பாம்பென்றால் நடுங்கும் அவளை விரட்டச் சாரைப்பாம்பையா கொண்டுவருகிறான்? கடித்தால் உயிர் போகும் கிலுகிலுப்பைப் பாம்பை. கடைசியில் அது அவனையே கடிக்கிறது. டீலியா உதவிக்குப் போவதில்லை. துணி மூட்டைகளுக்கு அப்பால் வெள்ளையர் யாரும் கதையில் முகம் காட்டுவதில்லை. கறுப்பினப் பெண்ணின் மேல் விழும் இரட்டைச் சுமையை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன கதை அன்றைய இயக்க ஏடுகளில் அரிது.

கூச்சலைக் கிளப்பியது நியூஜென்டின் கதை. ஆணையும் பெண்ணையும் ஒருசேரக் காதலிக்கும் ஓர் இளம் கலைஞனின் நினைவோட்டம் அது. தன்பாலின ஈர்ப்பை வெளிப்படையாக எழுதிய முதல் கறுப்பினக் கதைகளில் ஒன்றாக இன்று மதிக்கப்படுகிறது. குடும்பத்துக்குச் சங்கடம் வேண்டாமென்று 'ரிச்சர்ட் புரூஸ்' என்று மட்டும் கையொப்பமிட்டார். பாஸ்டன் நகரில் இதழ் தடைசெய்யப்பட்டால் விற்பனை கூடும் என்று தானும் தர்மனும் கணக்குப் போட்டதாக அவர் பின்னாளில் சொன்னார். தடை வரவில்லை.

வசைகள் வந்தன. பால்டிமோரின் கறுப்பின வார ஏட்டு விமர்சகர் ஒருவர் இதழை நெருப்பில் எறிந்துவிட்டதாக எழுதினார். 'புதிய நீக்ரோ' தொகுப்பை 1925இல் வெளியிட்டு இந்த இளைஞர்களை அறிமுகப்படுத்திய ஆலன் லாக், வேகத்தைப் பாராட்டி, சில பக்கங்களின் போக்கைக் கண்டித்தார். டு பாய்ஸ் இதழைத் தாக்கியதாக ஹியூஸ் தன்வரலாற்றில் எழுத, பலரும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். ஆனால் 'கிரைசிஸ்' 1927 ஜனவரியில் வெளியிட்ட சிறு குறிப்பு அச்சழகையும் டக்ளஸின் ஓவியங்களையும் பாராட்டி, ஆதரவு தரும்படி வாசகர்களைக் கேட்டுக்கொண்டது.

இதழைச் சாய்த்தது பணம். புரவலர் கையை எதிர்பார்க்கக் கூடாதென்று எழுவரும் ஆளுக்கு 50 டாலர் போடுவதாக ஒப்புக்கொண்டார்கள். மூவர் மட்டுமே முழுத்தொகையைக் கொடுத்ததாக ஹியூஸ் பதிவு செய்கிறார். நல்ல தாளில் அச்சிட வேண்டும் என்ற பிடிவாதத்தால் செலவு ஏறியது. 'கிரைசிஸ்' 15 சென்டுக்குக் கிடைத்தபோது 'ஃபயர்!!' ஒரு டாலர். யாருடைய வாழ்க்கையை எழுதினார்களோ, அந்தச் சலவைப் பெண்ணும் மின்தூக்கி இயக்குபவனும் வாங்கக்கூடிய விலையாக அது இல்லை. விற்காத பிரதிகள் ஒரு குடியிருப்பின் அடித்தளத்தில் கிடந்தன. அங்கே நிஜமாகவே தீப்பிடித்து அவற்றில் பெரும்பகுதி எரிந்துபோனது.

அச்சகக் கடனுக்காகத் தர்மனின் சம்பளம் ஆண்டுக்கணக்கில் பிடித்தம் செய்யப்பட்டது. அப்படியும் 1928இல் 'ஹார்லெம்' என்ற இன்னோர் இதழைத் தொடங்கினார். அதுவும் ஓர் இதழோடு நின்றது. நிறப் பாகுபாட்டை மையமாகக் கொண்ட அவருடைய முதல் நாவல் 1929இல் வந்தது. 1934இல், 32 வயதில், காசநோயால் இறந்தார்.

தாமஸ் விர்த் 1982இல் இதழை அப்படியே மறுபதிப்பாக வெளியிட்டபோது, எழுவரில் உயிரோடு இருந்தவர் நியூஜென்ட் ஒருவர்தான்.