சாய்விருக்கை மூன்று சக்கர மிதிவண்டிக்குப் பின்பார்வைக் கேமரா: பாறசாலை – நெய்யாற்றின்கரைச் சாலையை முன்வைத்து

1. களம்

களியக்காவிளையில் தமிழ்நாடு முடிகிறது. இஞ்சிவிளை தாண்டினால் பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை என்று தேசிய நெடுஞ்சாலை 66 நெய்யாற்றின்கரைக்குப் போகிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆனால் இரு மாநிலப் பேருந்துகளும் சரக்கு லாரிகளும் இன்றும் இந்தச் சாலையில் முந்துகின்றன.

அப்படிப் பின்னால் வருவதைக் கேமராவில் பார்க்கும் எண்ணம் பழையது. அதே 1956இல் அமெரிக்காவில் ப்யூக் செஞ்சூரியன் என்ற மாதிரிக் காரில் பின்பக்கம் பார்க்கத் தொலைக்காட்சிக் கேமரா வைத்துக் காட்டினார்கள். 2018 மே முதல் அந்நாட்டின் புதிய கார்களுக்குப் பின்பார்வைக் கேமரா கட்டாயம். மிதிவண்டிக்காரர் தாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

2. தேவை

சாய்விருக்கை மிதிவண்டியில் சாய்ந்து அமர்ந்தவரின் முதுகு இருக்கையோடு ஒட்டியிருக்கும். அவரால் கழுத்தைத் திருப்ப முடியும், இடுப்பைத் திருப்ப முடியாது. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் போகும் மாற்றுத்திறனாளிகளில் பலருக்கும் இதே நிலைதான். கான்பூரில் 1972இல் தொடங்கிய அலிம்கோ நிறுவனம் தயாரிப்பது போன்ற அந்த வண்டிகள் நம் சாலைகளில் பழக்கமானவை. ஆகவே இவ்வாய்வு அவர்களுக்கும் உரியது.

3. கேமராத் தேர்வு

மலிவான வைஃபை கேமராவைக் கைபேசியோடு இணைப்பதுதான் முதலில் தோன்றும் வழி. நான் அதை ஏற்கவில்லை, காரணம் தாமதம். வண்டி மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகிறது, பின்னால் பேருந்து 60இல் வருகிறது என்று கொள்வோம். இடைவெளி நொடிக்கு 12.5 மீட்டர் குறைகிறது. படம் அரை நொடி பிந்தினால், திரையில் தெரிவதைவிடப் பேருந்து ஆறு மீட்டருக்கு மேல் நெருங்கியிருக்கும். கார்களுக்கு விற்கும் ஒயர் வைத்த அனலாக் ரிவர்ஸ் கேமராவில் இந்தத் தாமதம் உணரும்படி இராது. அதற்கு 4.3 அங்குலத் திரை போதும்.

பொருத்தியதும் ஒருவரை வண்டிக்குப் பின்னே வலப்பக்கம் நிற்கவைத்துக் கையசைக்கச் சொல்ல வேண்டும். கண்ணாடியில் போல அவர் திரையின் வலப்பக்கம் தெரிய வேண்டும். நம் சாலையில் முந்துவது வலப்பக்கம் என்பதால் இதில் தவறு நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. மிக அகன்ற கோணக் கேமராவும் வேண்டாம். தொலைவில் வரும் லாரி அதில் புள்ளியாகிவிடும்.

4. மின்சாரமும் மழையும்

மூன்று 18650 லித்தியம் செல்களைத் தொடராக இணைத்தால் 11.1 வோல்ட் கிடைக்கும். பாதுகாப்புச் சுற்றுப் பலகை இல்லாமல் இணைக்கக் கூடாது. 2.5 ஆம்பியர்-மணி செல்கள் என்றால், கேமராவும் திரையும் சேர்ந்து 5 வாட் எடுத்தாலும் ஐந்து மணி நேரம் ஓடும்.

தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெய்யும் ஊர்கள் இவை. லென்ஸுக்கு மேல் பிவிசி குழாய்த் துண்டால் ஒரு கூரை வைக்க வேண்டும். மேலிருந்து விழும் வெயிலின் கூச்சத்தையும் அது ஓரளவு குறைக்கும். ஒயர் இணைப்புதான் முதலில் துருப்பிடிக்கும் இடம். ஒயரை இணைப்புக்குக் கீழே வளைத்துத் தொங்கவிட்டால் மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கேமரா கேரியரோடு சேரும் இடத்தில் பழைய டியூப் ரப்பர் வைத்தால் படம் நடுங்குவது குறையும்.

5. முடிபு

கேமரா வந்ததென்று பக்கக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது; பாட்டரி தீர்ந்த பின்னும் பேருந்து வரும். மாற்றுத்திறனாளிகளுக்கு வண்டி வழங்கும் இரு மாநில நலத்துறைகளும் கண்ணாடியையும் இத்தகைய கேமராவையும் வண்டியோடு சேர்த்தே தர வேண்டும்.