இனக்குழு ஆய்வுகளும் அரசியல் அறிவியலும்: ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து

இனக்குழு ஆய்வுகள் என்பது ஒரு நாட்டில் வாழும் வெவ்வேறு இன, மொழி, சமூகக் குழுக்களின் வரலாற்றையும் உரிமைப் போராட்டங்களையும் அக்குழுக்களின் பார்வையிலிருந்து கற்கும் துறையாகும். இது தனிப் பாடத்துறையாக உருவானது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இப்பெயரில் துறை பரவலாக இல்லை. எனினும் இத்துறை எழுப்பும் இரண்டு கேள்விகள் தமிழ்நாட்டுக்கு மிகப் பழையவை. வகுப்பறையில் யார் அமரலாம் என்பது ஒன்று. அங்கு யாருடைய வரலாறு கற்பிக்கப்படும் என்பது மற்றொன்று. முதல் கேள்வி இந்திய அரசமைப்புச் சட்டத்தையே திருத்த வைத்தது. அப்போது சென்னை மாகாண அரசுக்குத் தலைமை வகித்தவர் ராஜபாளையத்தைச் சேர்ந்தவர். ஆகவே சோழபுரம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார மாணவர்களுக்கு இது அயலூர்ச் செய்தி அன்று.

துறை தோன்றிய வரலாறு

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்பது குறைந்த கட்டணத்தில், பெரும்பாலும் எல்லாருக்கும் இடமளிக்கும் ஈராண்டுக் கல்லூரியைக் குறிக்கும். உழைக்கும் குடும்பத்தினர், குடியேறியோர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருவோர் அங்கு மிகுதி. ஓக்லாந்து நகரின் மெரிட் கல்லூரி அத்தகையது. 1966இல் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கிய ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் அங்கு பயின்றவர்கள். கறுப்பின மக்களின் வரலாற்றைப் பாடமாக்க வேண்டும் என்ற கோரிக்கை அக்கல்லூரியில் முன்னதாகவே எழுந்தது.

1968 நவம்பர் 6 அன்று சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரி மாணவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். கறுப்பின மாணவர் ஒன்றியமும், ஆசிய, லத்தீன் அமெரிக்கப் பின்னணி கொண்ட மாணவர்கள் இணைந்த மூன்றாம் உலக விடுதலை முன்னணியும் இதை நடத்தின. தங்கள் மக்களின் வரலாறு பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டும், தங்கள் சமூகத்தினருக்குச் சேர்க்கையில் கூடுதல் இடம் வேண்டும், தங்கள் சமூக ஆசிரியர்கள் நியமிக்கப்பட வேண்டும் என்பன அவர்களின் முதன்மைக் கோரிக்கைகள். 1969 மார்ச் வரை நீடித்த இப்போராட்டத்தின் விளைவாக அவ்வாண்டே அங்கு இனக்குழு ஆய்வுகளுக்கெனத் தனிப் புலம் அமைந்தது. 1969 ஜனவரியில் தொடங்கிய பெர்க்லி வளாகப் போராட்டத்திற்குப் பின் அங்கும் தனித்துறை உருவானது. 2020இல் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் 23 வளாகங்களிலும் பட்டம் பெற இப்பாடத்தில் ஒரு தாள் கட்டாயம் எனச் சட்டம் இயற்றப்பட்டது. 2022 ஜனவரியில் அதே அமைப்பு, பாகுபாட்டுக்கு எதிரான தன் கொள்கையில் சாதியையும் சேர்த்துக்கொண்டது.

இந்தியாவில் 1990களின் நடுவில் அறிமுகமான சமுதாயக் கல்லூரிகள் பெயரளவில் ஒத்தவை, நோக்கத்தில் வேறு. அவை தொழில்திறன் பயிற்சியை மையமாகக் கொண்டவை. சமூகத்தின் பல பிரிவினரும் ஒன்றாக அமர்ந்து பொதுக்கல்வி பெறும் அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிக்குத் தமிழ்நாட்டில் நெருக்கமான இணை, சிற்றூர் மாணவர்கள் பேருந்தில் வந்து படிக்கும் அரசு, அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரிகளே.

வட்டாரத்தின் சமூக அமைப்பு

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த இவ்வட்டாரத்தில் தமிழ் பேசுவோருடன் தெலுங்கு பேசும் சமூகங்களும் நூற்றாண்டுகளாக வாழ்கின்றன. ராஜுக்கள், நாயக்கர்கள், நாடார்கள், மறவர்கள், பள்ளர், பறையர், அருந்ததியர், இஸ்லாமியர், கிறித்தவர் எனப் பல பிரிவினர் உள்ளனர். மலையை ஒட்டிப் பளியர் பழங்குடியினர் வாழ்கின்றனர். பஞ்சாலைகளும், சத்திரப்பட்டியின் மருத்துவத் துணி உற்பத்தியும் பல ஊராரை ஒரே வேலையிடத்தில் சேர்த்தன.

இம்மாவட்டத்தின் கல்லூரிகள் பலவும் சமூகங்கள் தம் பணத்தில் கட்டியவை. விருதுநகர் நாடார்கள் வணிகத்திலிருந்து மகமை என்ற பொதுநிதி திரட்டிப் பள்ளி நடத்தினர். காமராஜர் பயின்ற சத்திரிய வித்தியாசாலைப் பள்ளி அவ்வகையில் எழுந்தது. விருதுநகரில் 1947இல் செந்திக்குமார நாடார் கல்லூரி தொடங்கப்பட்டது. ராஜபாளையத்தில் 1973இல் ராஜுக்கள் கல்லூரி தொடங்கப்பட்டது. ஒரு சமூகத்தின் பெயர் தாங்கிய கட்டடத்தில் பல சமூகத்து மாணவர்கள் அமர்ந்து படிப்பது இங்கு இயல்பான காட்சி. அந்தப் பெயர் எப்படி வந்தது, அந்தச் சமூகம் ஏன் தனியே பள்ளி கட்ட நேர்ந்தது என்பதை அறியாமலே பலர் பட்டம் பெற்று வெளியேறிவிடுகின்றனர்.

வகுப்பறையில் யார் அமரலாம்

அரசுப் பணிகளைச் சமூக வாரியாகப் பகிரும் வகுப்புவாரி அரசாணை நீதிக்கட்சிக் காலத்தில் உருவானது. 1928இல் நடைமுறைக்கு வந்த முறையில் 12 இடங்கள் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்க்கு 2, இஸ்லாமியர்க்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறித்தவர்க்கு 2, ஒடுக்கப்பட்டோர்க்கு 1 எனப் பிரிக்கப்பட்டன. 1947இல் இது 14 இடங்களாகத் திருத்தப்பட்டது. பிராமணர் அல்லாத இந்துக்கள் 6, பிற்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, அரிசனர் 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர் 1, இஸ்லாமியர் 1 என்பது புதிய பகிர்வு. மருத்துவ, பொறியியல் கல்லூரிச் சேர்க்கையிலும் இவ்விகிதம் பின்பற்றப்பட்டது.

1950 ஜனவரியில் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஜூனில் செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை தொடர்பாகவும், சீனிவாசன் பொறியியல் சேர்க்கை தொடர்பாகவும் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர்நீதிமன்றம் ஜூலை 27 அன்று அரசாணை செல்லாது என்றது. அப்போது மாகாண அரசின் தலைவராக இருந்தவர் ராஜபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசாமி ராஜா. அவரது அரசு உச்சநீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. 1951 ஏப்ரல் 9 அன்று ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அரசு நிதியில் இயங்கும் கல்வி நிலையத்தில் மதம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டி எந்தக் குடிமகனுக்கும் சேர்க்கை மறுக்கக்கூடாது என்னும் 29(2)ஆம் உறுப்பை அது அடிப்படையாகக் கொண்டது.

தீர்ப்பை எதிர்த்துப் பெரியாரும் பிறரும் தமிழகமெங்கும் கிளர்ச்சி நடத்தினர். நாடாளுமன்றம் 1951 ஜூனில் முதல் சட்டத்திருத்தத்தை நிறைவேற்றி 15(4) என்ற உட்பிரிவைச் சேர்த்தது. சமூக நிலையிலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினர்க்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர்க்கும் அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்பது அதன் சாரம். இன்று கல்லூரிகளில் உள்ள இடஒதுக்கீட்டின் அரசமைப்பு அடிப்படை இதுவே.

யாருடைய வரலாறு

கலிபோர்னிய மாணவர்கள் தங்கள் வரலாறு எழுதப்படவில்லை என்று போராடினர். விருதுநகர் வட்டாரத்தின் நிலை சற்று விசித்திரமானது. இங்குள்ள வரலாறு எழுதப்பட்டது. உலக அரசியல் அறிவியலில் புகழும் பெற்றது.

1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்து வழிபட்டனர். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். கீழ்நீதிமன்றமும் உயர்நீதிமன்றமும் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதிசெய்தது. இதற்கிடையே 1899 ஜூனில் சிவகாசியில் பெருங்கலவரம் நிகழ்ந்தது. நீதிமன்றத்தில் தோற்ற சமூகம் 1910இல் நாடார் மகாஜன சங்கத்தை அமைத்து, கல்வி, வணிகம், அரசியல் வழியாக முன்னேறியது. 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாணார் என்ற பெயருக்குப் பதிலாக நாடார் என்ற பெயர் ஏற்கப்பட்டது. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் நுழைந்தபோது அவர்களுடன் நாடார் ஒருவரும் சென்றார்.

இவ்வரலாற்றை லாய்டு ருடால்ப், சூசன் ருடால்ப் இணையர் 1967இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தனர். ராபர்ட் ஹார்ட்கிரேவ் நாடார்களின் அரசியல் பண்பாடு குறித்து எழுதிய நூலைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1969இல் வெளியிட்டது. பெர்க்லி மாணவர்கள் தங்கள் வரலாற்றைப் பாடமாக்கக் கோரிப் போராடிய அதே ஆண்டு அது. சிவகாசிக் கலவரமும் கமுதி வழக்கும் அமெரிக்க மாணவர்க்குப் பாடப்பொருளாயின. சிவகாசிக்கு அருகில் படிக்கும் மாணவர் அவற்றைத் தம் வீட்டில் ஒரு பக்கக் கதையாகவும் தெருவில் மறுபக்கக் கதையாகவும் மட்டுமே கேட்கும் நிலை நன்மை தராது.

எதிர்ப்பும் மறுமொழியும்

சாதியையும் இனத்தையும் பாடமாக்கினால் பிரிவினை வளரும் என்ற அச்சம் எங்கும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 2010இல் இத்தகைய பாடங்களைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. டூசான் நகரப் பள்ளிகளில் நடந்த மெக்சிகோ அமெரிக்கர் வரலாற்றுப் பாடம் அதனால் நிறுத்தப்பட்டது. அச்சட்டம் இனக்காழ்ப்புடன் இயற்றப்பட்டது என 2017இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டில் இந்த அச்சத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. 1957இல் முதுகுளத்தூர் இடைத்தேர்தலுக்குப் பின் வெடித்த மோதல்களும், அவ்வாண்டு செப்டம்பரில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டதும் தென்மாவட்டங்களில் இன்றும் உணர்ச்சியைக் கிளறுபவை. ஆனால் பாடத்தில் பேசாமல் விட்டதால் சாதி வகுப்பறைக்கு வெளியே நின்றுவிடவில்லை. அது வண்ணக் கயிறாக மாணவர் மணிக்கட்டில் ஏறியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் உடன்படித்த மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் நீக்கம் முதலியவை அதன் பரிந்துரைகளில் அடங்கும். கயிற்றை அறுக்கலாம், கயிறு கட்டியவர் மனத்தில் உள்ள கதையை ஆதாரத்துடன் கூடிய வேறொரு கதையே மாற்ற முடியும்.

கற்பிக்கும் முறை

பல சமூகத்தவர் அமர்ந்துள்ள வகுப்பில் இப்பாடத்தை நடத்துவதற்குச் சில நெறிகள் தேவை.

முதலாவது, ஆவணத்திலிருந்து தொடங்குதல். கமுதி வழக்கின் தீர்ப்பு, 1928, 1947 ஆண்டுகளின் பகிர்வு முறை, 15(4)ஆம் உட்பிரிவு ஆகியவற்றை மாணவர் நேரடியாகப் படிக்கும்போது விவாதம் நபர்களை விட்டு விலகிச் சொற்களின் மீது நிற்கும். 1928இல் இல்லாத பிற்பட்ட இந்துக்கள் என்ற பிரிவு 1947இல் தோன்றியதைக் காணும் மாணவர், வகைப்பாடுகள் காலந்தோறும் மனிதரால் வகுக்கப்படுபவை என உணர்வார்.

இரண்டாவது, எந்த மாணவரையும் அவர் சமூகத்தின் பேச்சாளராக்காமல் இருத்தல். யாருடைய சாதியையும் வகுப்பில் கேட்கக்கூடாது. ஒரு சமூகம் ஒரு காலத்தில் ஒடுக்கப்பட்டதாகவும் வேறொரு காலத்தில் வலிமை பெற்றதாகவும் இருந்திருக்கலாம் என்பதையும் மறைக்கக்கூடாது.

மூன்றாவது, உள்ளூர் அரசியலை எடுத்துக்காட்டாகக் கொள்ளுதல். நீண்டகாலம் ராஜபாளையம் பட்டியல் சாதியினர்க்கான தனித்தொகுதியாகவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பொதுத்தொகுதியாகவும் இருந்தன. 2008 மறுவரையறைக்குப் பின் 2011 சட்டமன்றத் தேர்தலில் இந்நிலை மாறி, ஸ்ரீவில்லிபுத்தூர் தனித்தொகுதியானது, ராஜபாளையம் பொதுத்தொகுதியானது. இரண்டும் தென்காசி என்னும் தனி நாடாளுமன்றத் தொகுதியில் அடங்குகின்றன. தனித்தொகுதியிலும் வாக்களிப்பவர் எல்லாச் சமூகத்தினரும்தான். அப்படியானால் அத்தொகுதி உறுப்பினர் யாருக்குப் பிரதிநிதி? பூனா ஒப்பந்தம் முதல் இன்றுவரை தொடரும் இக்கேள்வியை, தம் வாக்காளர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே மாணவர் விவாதிக்கலாம்.

வரலாற்று முக்கியத்துவம்

வகுப்பறைக்குள் நுழையும் உரிமைக்கு 1951இல் சட்டம் வழி செய்தது. உள்ளே வந்த பிறகு அருகில் அமர்ந்திருப்பவரின் முன்னோர் எந்தக் கதவுகள் முன் நின்றனர் என்பதை அறியும் வாய்ப்பு பாடத்திட்டத்தையும் ஆசிரியரையும் பொறுத்தே அமைகிறது. குமாரசாமி ராஜாவின் ஊரிலிருந்தும் காமராஜரின் மாவட்டத்திலிருந்தும் கல்லூரிக்கு வரும் மாணவர்க்கு இதற்கான பாடப்பொருள் தொலைவில் இல்லை. அவர் படிக்கும் கல்லூரியின் பெயர்ப்பலகையிலும், வாக்களிக்கும் தொகுதியிலும், சேர்க்கைப் படிவத்தில் நிரப்பிய ஒரு கட்டத்திலும் அது உள்ளது.