எல்வுட் ஊர் வழக்குரைஞர் இல்லம்

பங்கு இல்லத்திற்கு நம்மைத் தேடி வருவோருள் சிலர் பழைய திருமுழுக்குப் பதிவேட்டைக் காண வருகின்றனர். பாட்டனாரின் பெயரைத் தேடுவர். கிடைக்கும் பெயரோ வீட்டில் வழங்கும் பெயரோடு பெரும்பாலும் ஒத்திராது. எழுதியவரின் காதில் விழுந்தது ஒன்று, ஏட்டில் ஏறியது மற்றொன்று. வந்தவர் முகம் வாடும். 'பெயர் பிழையாயினும் ஆள் பிழையில்லை' என்று நாம் தேற்றி அனுப்புவது வழக்கம். அவ்வாறு ஒருவரை அனுப்பிவிட்டு அமர்ந்திருந்த வேளையில், இருமுறை பெயர் பிறழ்ந்த ஒரு குடும்பத்தின் வரலாறு நம் நினைவிற்கு வந்தது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் எல்வுட் என்னும் சிற்றூரில் வழக்குரைஞராய் இருந்த ஹெர்மன் வில்க்கியின் குடும்பம் அது.

ஹெர்மன் பிறந்தது 1857ஆம் ஆண்டு, பிரஷ்ய நாட்டின் ஆஷர்ஸ்லெபன் நகரில். அங்கு அவர்கள் பெயர் வில்க்கே என்பதை ஒட்டியது. கடல் கடந்த பின்னரே அது வில்க்கி ஆயிற்று. நான்கு வயதுக் குழந்தையாய்ப் பெற்றோருடன் கப்பலேறினார். 1848ஆம் ஆண்டு ஜெர்மன் நாடுகளில் மக்களாட்சி வேண்டி எழுந்த கிளர்ச்சி தோற்றதால் தம் முன்னோர் வெளியேறினர் என்பது அக்குடும்பத்தார் வழிவழியாய்ச் சொல்லிவந்த செய்தி. பிராங்க்பர்ட் நகரின் தூய பவுல் ஆலயத்தில் கூடிய மக்கள் மன்றம் அரசியல் சட்டம் ஒன்றை வகுத்ததும், அது அளிக்க முன்வந்த மணிமுடியைப் பிரஷ்ய மன்னர் 1849இல் மறுத்ததும், எஞ்சிய கிளர்ச்சியாளரைப் பிரஷ்யப் படை பாடன் நாட்டில் அடக்கியதும் வரலாறு அறிந்தவை. ஆயின் ஹெர்மன் கடல் கடந்தது அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே. தோல்விக்கும் கப்பலுக்கும் இடைப்பட்ட நீண்ட காலத்தைக் குடும்ப நினைவு சுருக்கிக்கொண்டது. இதனைப் பொய் என்று நாம் சொல்லமாட்டோம். ஏன் வந்தோம் என்பதைக் குடும்பங்கள் நெடுநாள் நினைவில் வைத்திருக்கும். எந்த ஆண்டு வந்தோம் என்பதை மறந்துவிடும்.

ஹெர்மனின் துணைவியார் ஹென்ரியட்டா டிரிஷ். அவருடைய பெற்றோரும் ஜெர்மனியில் பிறந்தவர்களே. அவர்கள் முதலில் கான்சாஸ் நிலப்பகுதியில் குடியேறினர். 1854ஆம் ஆண்டுச் சட்டம் அந்நிலத்தை அடிமை முறைக்குத் திறந்துவிட்டபோது, அம்முறையை வெறுத்த அவர்கள் அங்கிருந்து பெயர்ந்து இண்டியானாவிற்கு வந்தனர். புது நாட்டில் ஊன்றிய காலை மீண்டும் பெயர்ப்பது எளிதன்று.

கணவனும் மனைவியும் முதலில் ஆசிரியப் பணி செய்தவர்கள். பின்னர் இருவருமே சட்டம் பயின்றனர். இண்டியானாவில் வழக்குரைஞராய் ஏற்கப்பட்ட முதற்சில பெண்களுள் ஹென்ரியட்டாவும் ஒருவர். எல்வுட் அக்காலத்தில் இயற்கை எரிவாயு கண்டெடுக்கப்பட்டதால் திடுமெனப் பெருகிய ஊர். 1892இல் அங்குத் தகரத் தகடு ஆலை தொடங்கிற்று. ஹெர்மனோ ஆலை முதலாளிகளின் பக்கம் நில்லாது, தொழிலாளருக்காக வழக்காடியவர். வீடு நிறைய நூல்கள். ஆறு குழந்தைகளும் இரவு உணவு மேசையைச் சுற்றியமர்ந்து வாதிட்டே வளர்ந்தனர். ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் 1900ஆம் ஆண்டுத் தேர்தலின்போது அவ்வீட்டில் ஓர் இரவு தங்கினார். நான்காம் குழந்தைக்கு அப்போது எட்டு வயது. பெயர் லூயிஸ் வெண்டல். வெண்டல் என்றே வீட்டில் அழைத்தனர்.

அச்சிறுவனும் சட்டம் பயின்று, 1916இல் தந்தையின் அலுவலகத்தில் அமர்ந்தான். அடுத்த ஆண்டு ஏப்ரலில், ஜெர்மனியின்மீது போர் தொடுக்குமாறு அதிபர் வில்சன் நாடாளுமன்றத்தைக் கேட்ட அன்றே படையில் சேர்ந்தான். படைத்துறை எழுத்தர் ஒருவர் பெயரை முன்பின்னாய் எழுதிவிட, லூயிஸ் வெண்டல் அன்று முதல் வெண்டல் லூயிஸ் ஆனான். அவனும் அதைத் திருத்தவில்லை. பிரான்சில் போர்முனையை எட்டுமுன் போர் முடிந்தது. ஆணையை மீறிப் பாரிஸ் நகரைக் காண நழுவிச் சென்ற படைவீரருக்காகப் படைத்துறை நீதிமன்றத்தில் வாதாடுவதே அங்கு அவனுக்குக் கிடைத்த பணி!

அந்த ஆண்டுகளில் ஜெர்மானியப் பெயர் தாங்கியோர் பட்ட துன்பம் சிறிதன்று. அண்டை மாநிலமான இல்லினாயில், காலின்ஸ்வில் என்னும் ஊரில், ராபர்ட் பிரேகர் என்னும் ஜெர்மானியக் குடியேறியைக் கும்பல் ஒன்று 1918 ஏப்ரல் 5ஆம் நாள் மரத்தில் தூக்கிலிட்டது. குற்றம் சாட்டப்பட்ட பதினொருவரையும் நீதிமன்றம் விடுவித்தது. இண்டியானா மாநிலம் 1919இல் பள்ளிகளில் ஜெர்மன் மொழி கற்பிப்பதையே சட்டத்தால் தடுத்தது. தகப்பன் பிறந்த நாட்டோடு போர், தாய்மொழிக்குத் தடை, மகன் அமெரிக்கச் சீருடையில். எத்தனையோ குடும்பங்கள் இத்தகைய வேளையில் தம் வேர்களை மறைத்துக்கொண்டன. வெண்டல் வில்க்கி மறைக்கவில்லை.

போருக்குப் பின் அவர் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்குச் சென்றார். கறுப்பின மக்களையும் யூதரையும் கத்தோலிக்கரையும் பகைத்த கூ கிளக்ஸ் கிளான் இயக்கம் அப்போது அங்கு வலுப்பெற்றிருந்தது. அதனைப் பெயர் சொல்லிக் கண்டிக்கும் தீர்மானத்தை 1924ஆம் ஆண்டு ஜனநாயகக் கட்சி மாநாட்டில் ஆதரித்தவருள் வில்க்கியும் ஒருவர். பேராளர் சிலருக்குப் பின்ன வாக்குகளே இருந்தமையால், அத்தீர்மானம் ஒரு முழு வாக்கிற்கும் குறைவான வேறுபாட்டில் தோற்றது. பின்பு அவர் நியூயார்க் சென்று பெரியதொரு மின்சார நிறுவனத்தின் தலைவரானார், கட்சி மாறினார், 1940இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராய் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்றார்.

அவ்வாண்டு ஆகஸ்டு 17ஆம் நாள், இலட்சத்திற்கும் மிகுதியான மக்கள் எல்வுட்டில் திரண்டிருக்க, தம் முன்னோர் ஜெர்மனியில் மக்களாட்சியை ஆதரித்துத் தோற்று வந்தவர்கள் என்று மேடையிலேயே எடுத்துரைத்தார். ஹிட்லரின் படை பாரிசைப் பிடித்து இரண்டு திங்களே ஆகியிருந்தன. அவரது ஜெர்மானியக் குருதியைக் காட்டி ஐயத்தை விதைத்தவர்களும் இருந்தனர். அவர்கள் எழுப்பிய மற்றொரு குற்றச்சாட்டு உண்மையானது: எல்வுட், கறுப்பின மக்கள் பொழுது சாய்ந்தபின் தங்கலாகாது என்ற கட்டுப்பாடு நிலவிய ஊர். அடிமை முறையை வெறுத்துக் கான்சாசை நீங்கியவர்களின் மகள் வாழ்ந்ததும், தொழிலாளருக்காக வாதாடியவர் வாழ்ந்ததும் அவ்வூரிலேதான். அக்குடும்பத்தைப் போற்றி எழுதும் நாம் இதனை விட்டுவிட்டு எழுதுவது முறையன்று.

தேர்தலில் அவர் தோற்றார். 1942இல் ரூஸ்வெல்ட்டின் தூதராய் உலகைச் சுற்றி வந்து 'ஒரே உலகம்' என்ற நூலை எழுதினார். இந்தியாவிற்கு அவர் வரவில்லை. ஆயினும் சென்ற நாடுகளிலெல்லாம் மக்கள் இந்திய விடுதலையைப் பற்றியே வினவினர் என்று அந்நூலில் பதிந்துள்ளார். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் நம் தலைவர்கள் சிறைப்பட்டிருந்த மாதங்கள் அவை.

அப்பயணம் முடிந்து ஒரு மாதம் செல்லுமுன், நவம்பர் 9ஆம் நாள், அவர் உச்ச நீதிமன்றத்தில் வழக்குரைஞராய் எழுந்து நின்றார். வில்லியம் ஷ்னைடர்மன் என்பவர் ரஷ்யாவில் பிறந்து, மூன்று வயதளவில் அமெரிக்கா வந்து, 1927இல் குடியுரிமை பெற்றவர். கலிபோர்னியாவின் பொதுவுடைமைக் கட்சிச் செயலர். அவர் குடியுரிமை பெற்ற வேளையில் அரசியல் சட்டத்தின்பால் மெய்யான பற்று கொண்டிருக்கவில்லை என்று கூறி, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அரசு அக்குடியுரிமையை நீக்க வழக்கிட்டது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் அரசின் பக்கமே தீர்ப்பளித்தன. பொதுவுடைமையை வில்க்கி சிறிதும் ஏற்காதவர். நேற்றுவரை பெருநிறுவனத் தலைவர். 1944இல் மீண்டும் வேட்பாளராக விழைந்தவர். இவ்வழக்கால் அவருக்கு இழப்பன்றி ஊதியம் எதுவுமில்லை. ஒரு காசும் பெறாமல் வாதாடினார். வெளிநாட்டில் பிறந்தவரின் குடியுரிமை என்றென்றும் மீட்டுக்கொள்ளத்தக்க கடனாய் இருந்தால், அத்தகையோர் எவரும் அஞ்சாது வாய்திறக்க இயலாது என்பதே வழக்கின் சாரம். நான்கு வயதில் கப்பலில் வந்த ஒருவரின் மகன், மூன்று வயதில் கப்பலில் வந்த ஒருவருக்காகப் பேசினார்.

1943 ஜூன் 21ஆம் நாள் ஐவர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாய் ஷ்னைடர்மனுக்கு ஆதரவாகத் தீர்ப்பு வந்தது. அதனை எழுதியவர் நீதியரசர் பிராங்க் மர்பி. ஐரிஷ் வழிவந்த கத்தோலிக்கர். ஐயத்திற்கிடமற்ற, தெளிவான சான்றின்றி ஒருவரின் குடியுரிமையைப் பறிக்கலாகாது என்று அவர் வரைந்தார்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்த கட்சியின் முதனிலைத் தேர்தலில் வில்க்கிக்கு ஒரு பேராளர்கூடக் கிடைக்கவில்லை. ஜெர்மானிய வழிவந்தோர் மிகுந்த மாநிலம் அது. அவர் போட்டியிலிருந்து விலகினார். 1944 அக்டோபர் 8ஆம் நாள், ஐம்பத்திரண்டாம் வயதில் காலமானார். அவரை அடக்கம் செய்தது எல்வுட்டில் அன்று. மனைவியின் ஊராகிய ரஷ்வில்லில். கல்லறையருகே திறந்த நூல் ஒன்றைக் கருங்கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.