அருணாசலம் விடுதி, பேராதனை

இலங்கைப் பேராதனைச் சர்வகலாசாலையின் தொடக்ககால மாணவர் இல்லங்களுள் ஒன்றாகிய அருணாசலம் விடுதி, சேர் பொன்னம்பலம் அருணாசலம் (1853–1924) அவர்களின் நாமத்தைத் தாங்கி நிற்பது. கேம்பிரிட்ஜில் பயின்று, 1875-இல் பகிரங்கப் போட்டிப் பரீட்சையின் வழியே இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையரான இப்பெரியார், இந்நாட்டுக்குத் தனியொரு சர்வகலாசாலை வேண்டுமென 1906 முதல் இயக்கம் நடத்தியவர். அதன் பயனாக 1921-இல் யூனிவர்சிற்றிக் கல்லூரியும், 1942-இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றின. முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ், மாணவர் உடனுறைந்து கற்றலே உயர்கல்வியின் உயிர்நாடி எனக் கொண்டமையால், 1952-இல் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்குப் பெயர்ந்தபோது, ஹந்தானை மலையடிவாரத்தில் விரிவுரை மண்டபங்களோடு விடுதிகளும் எழுந்தன. அவை அமைந்த நிலம் முன்னர் ஒரு தோட்டமாக இருந்தது.

ஊவாத் தோட்டங்களின் வாசகர் இவ்விடத்திற் சற்றே நிற்றல் தகும். தொழிலாளரின் கடன் இவ்வளவென்று எழுதி, அக்கடனைத் தீர்க்கும் வேறு தோட்டத்துக்கே அவர்களை விடுவித்த 'துண்டு' முறைமை, தெமோதரை, பசறை, நமுனுகுலைப் பக்கத்து லயங்களில் வாழ்ந்தோரின் முன்னோரைப் பிணித்திருந்தது. 1919-இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை நிறுவி அம்முறைமைக்கெதிராக வாதாடியவர் இதே அருணாசலம். 1921-இல் துண்டு சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அவர் மறைந்த 1924-ஆம் ஆண்டிலேயே புகைவண்டிப் பாதையும் பதுளையை எட்டியது. பேராதனைச் சந்தி வழியாகச் செல்லும் அப்பாதையில், தோட்டத்துப் பிள்ளைகள் சர்வகலாசாலை வாயிலை அடையப் பல்லாண்டுகள் சென்றன.

காரணம் வெளிப்படை. 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. தோட்டப் பாடசாலைகளோ, பெரும்பாலும் ஓராசிரியரோடு ஐந்தாம் வகுப்பளவில் நின்றன. எழுபதுகளின் பிற்பகுதியில் அப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரே நிலை மெல்ல மாறியது. கொழுந்து கொய்யும் தாய்மாருக்காக வாதாடியவரின் பெயர்கொண்ட இல்லத்தில் அத்தாய்மாரின் மக்கள் இத்தனை தாமதித்துக் குடியேறியது, இந்நாட்டுக் கல்விச் சரித்திரத்தின் பெருங்குறையென்றே கூறவேண்டும்.

பதுளையிலேயே 2005-இல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தோன்றியுள்ளது. ஆயினும், அருணாசலம் விடுதியின் முழு வரலாற்றை எழுதப் புகுவோர், அங்கே வசித்த தோட்டத்து மாணவரின் அனுபவங்களையும், அவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டுப் பதிந்து வைத்தல் வேண்டும்.