மிச்ச நூடுல்ஸ் தந்த வரலாறு

போன கோடை விடுமுறையில் டோக்கியோவில் ஒரு சின்ன ராமென் கடைக்குப் போனோம். ஆளுக்கு இரண்டு கிண்ணங்கள் வந்தன. ஒன்றில் தடித்த நூடுல்ஸ், ஆறிப்போய். மற்றதில் பன்றி எலும்பும் மாசி போன்ற உலர்ந்த மீனும் சேர்த்துக் காய்ச்சிய சூடான சூப், கூழ் மாதிரி. தம்பி சூப்பைத் தூக்கி நூடுல்ஸின் மேல் ஊற்றப் போனான். சமையல்காரர் பதறிக் கையை ஆட்டினார். கொஞ்சம் எடு, தோய், உறிஞ்சு என்று செய்து காட்டினார்.

இதுதான் சுகேமென், அதாவது தோய்த்துச் சாப்பிடும் நூடுல்ஸ். அவித்த நூடுல்ஸைக் குளிர்ந்த நீரில் அலசுவதால் மேலிருக்கும் மாவுப்பசை போய், மெல்ல நன்றாக இருக்கும். நூடுல்ஸில் ஒட்டுகிற அளவு சூப்தான் வாய்க்குள் போகும் என்பதால் சூப்பை அவ்வளவு கெட்டியாக வைக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடித்தது யார் என்று தேடினேன். கசுவோ யமகிஷி என்ற சமையல்காரர். 1934இல் பிறந்தவர். டோக்கியோவின் நகானோ பகுதியில் தைஷோகென் என்ற கடையில் வேலை செய்தார். அங்கே மிஞ்சிய நூடுல்ஸைச் சூப்பில் தோய்த்து வேலையாட்கள் சாப்பிடுவார்கள். அதைப் பார்த்த வாடிக்கையாளர்கள் தங்களுக்கும் கேட்டார்கள். யமகிஷி புளிப்பும் இனிப்பும் காரமும் சேர்த்துச் சுவையைச் சரிசெய்து, 1955இல் விற்பனைக்கு வைத்தார். 1961இல் ஹிகாஷி இகேபுகுரோவில் சொந்தக் கடை திறந்தார். செய்முறையை அவர் பூட்டி வைக்கவில்லை. கற்க வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்; அவர்கள் வேறு ஊர்களிலும் கடை போட்டார்கள். 2015இல் அவர் இறந்தார். நாங்கள் குடித்த கெட்டிச் சூப் பின்னால் வந்தவர்கள் வளர்த்தது.

இன்னும் பின்னால் போனால் கதை ஜப்பானையும் தாண்டுகிறது. 1859இல் யோகோஹாமா துறைமுகம் திறந்தபின் சீனர்கள் அங்கே குடியேறினார்கள். அவர்களோடு வந்ததுதான் ராமெனின் மூலம். 1910இல் டோக்கியோவின் அசகுசாவில் திறந்த ராய்ராய்கென் கடை, யோகோஹாமாவிலிருந்து சீனச் சமையல்காரர்களை அழைத்துவந்தது. அந்தக் காலத்தில் அதற்குச் 'சீன சோபா' என்றுதான் பெயர். சோபா என்பது ஜப்பானியரின் பழைய நூடுல்ஸ். அதைத் தோய்த்துச் சாப்பிடுவது அவர்களின் பழைய வழக்கம். வந்தவர்களின் உணவும் இருந்தவர்களின் பழக்கமும் ஒரே கிண்ணத்தில் சேர்ந்துவிட்டன.

இடியப்பம் இல்லாத நாட்களில் நான் ஸ்பகெட்டியைச் சொதியில் தோய்த்துச் சாப்பிடுவேன். "இதெல்லாம் எங்கட சாப்பாடோ பிள்ளை?" என்று அம்மம்மா கேட்பார். இதுவரை பதில் தெரியாமல் சிரித்து மழுப்பினேன். அடுத்தமுறை கேட்டால் அவருக்கு யமகிஷியின் கதையைச் சொல்லப்போகிறேன்.

அன்று நூடுல்ஸ் முடிந்ததும் சமையல்காரர் மீதிச் சூப்பில் சுடச்சுட இளஞ்சாறு ஊற்றித் தந்தார். அப்படித்தான் முடிப்பார்களாம். தம்பி கிண்ணத்தை இரு கையாலும் தூக்கி, கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

உங்கள் வீட்டில் மிச்சத்தில் பிறந்த சாப்பாடு எது?