ஊவா மாகாணத் தங்குமிட விதிகள்

ஊவாவில் ஒரு வீட்டையோ அதன் ஓரிரு அறைகளையோ பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவோர் கடைப்பிடிக்க வேண்டிய சட்டங்களும் துணைவிதிகளும் அனுமதிகளும் ஊவா மாகாணத் தங்குமிட விதிகள் எனப்படும். இவை ஒரே சட்டத்தில் இல்லை. சுற்றுலாச் சட்டத்தில் கொஞ்சம், பிரதேச சபைச் சட்டத்தில் கொஞ்சம், வனசீவராசிகள் சட்டத்தில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கின்றன. மாகாணத்துக்குப் பதுளை, மொனராகலை என இரண்டு மாவட்டங்கள். எல்ல, அப்புத்தளை, பண்டாரவளை ஆகியவை மலைநாட்டில் உள்ளன. வெல்லவாய, புத்தள, கதிர்காமம் ஆகியவை கீழே வறண்ட வலயத்தில். மேலே ஒரு கட்டடம் எழலாமா என்பதை மண் தீர்மானிக்கிறது, கீழே யானை தீர்மானிக்கிறது. விதிகள் இரு பக்கமும் வேறுபடுவதற்குக் காரணம் இதுவே.

வந்தவரைத் தங்கவைப்பது இந்த மாகாணத்துக்குப் புதிதல்ல. கதிர்காமத்து யாத்திரிகருக்கு மடங்கள் இருந்தன. வெள்ளைக்காரன் காலத்தில் வீதியோரம் ரெஸ்ட் ஹவுஸ்கள் எழுந்தன. தோட்டத்துரைமாரின் பங்களாக்கள் துரைமாரின் விருந்தினருக்கே திறந்தன. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் இரயிலைப் படம்பிடிக்க வரும் வெளிநாட்டு இளைஞர்கள் கைபேசியிலேயே அறை பிடிக்கத் தொடங்கிய பிறகுதான் எல்லவில் வீட்டுக்கு வீடு ‘ரூம்ஸ்’ பலகை தொங்கியது.

நாடளாவிய சட்டம் 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டம். 1966இல் தொடங்கிய சுற்றுலாச் சபையின் இடத்துக்கு இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையைக் கொண்டுவந்தது இதுதான். இந்த அதிகார சபை தங்குமிடங்களை ஹோட்டல், விருந்தினர் இல்லம், பங்களா, வாடகை வீடு, ஹோம்ஸ்டே என்று வகைபிரித்துப் பதிவு செய்கிறது. ஹோம்ஸ்டேக்கு அடிப்படை நிபந்தனை, வீட்டுக்காரர் அதே வளவில் குடியிருக்க வேண்டும் என்பது. கொழும்பில் இருந்துகொண்டு சாவியை அயலவரிடம் கொடுத்துவிட்டு நடத்தும் வீடு ஹோம்ஸ்டே ஆகாது; அதை வேறு வகையில்தான் பதியலாம். பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மதுபானம் பரிமாறுவதற்குக் கலால் உரிமம் தனியே வேண்டும். வீட்டுக்காரர் நட்புக்காக ஊற்றிக் கொடுத்து அதைப் பில்லில் சேர்த்தாலும் விற்பனைதான்.

அடுத்தது உள்ளூராட்சி. பதுளையும் பண்டாரவளையும் மாநகர சபைகள், அப்புத்தளை நகர சபை, எல்ல பிரதேச சபை. மூன்று வகைச் சபைக்கும் மூன்று வேறு சட்டங்கள் உள்ளதால் பத்துக் கிலோமீற்றர் தூரத்துக்குள்ளேயே உரிமக் கட்டணம் மாறிவிடும். பிரதேச சபைகளுக்குரியது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். தங்கும் விடுதி நடத்துபவர் ஒவ்வோர் ஆண்டும் சபையின் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குடிநீர், மலசலகூடம், சமையலறை, கழிவுநீர் எல்லாம் பார்ப்பார். ஊரில் இவருக்கு பீ.எச்.ஐ. என்றுதான் பெயர்.

கட்டணத்தில்தான் வேடிக்கை இருக்கிறது. பிரதேச சபைச் சட்டப்படி அனுமதிக் கட்டணம் கட்டடத்தின் ஆண்டுப் பெறுமதியைப் பொறுத்தது. 750 ரூபாவுக்கு மேற்படாவிட்டால் 500 ரூபா, 1,500 வரை 750 ரூபா, அதற்கு மேல் எவ்வளவானாலும் 1,000 ரூபா. சுற்றுலா அதிகார சபையில் பதிவான இடத்துக்குக் கணக்கு வேறு: முந்தைய ஆண்டு வருமானத்தில் ஒரு சதவீதம் வரை பிரதேச சபை அறவிடலாம். அதோடு மத்திய அரசின் சுற்றுலா அபிவிருத்தி வரி, மொத்த வரவில் ஒரு சதவீதம். பதியாமல் நடத்துபவர் ஆயிரம் ரூபாவோடு தப்பிவிடுகிறார், பதிந்தவர் இரண்டு பக்கமும் கட்டுகிறார். பதிவுக்கு வராதவர்களைத் திட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைத் திருத்துவது நல்லது.

மலைப்பக்கத்தில் எல்லாவற்றிலும் கனமான தாள், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அனுமதி. பதுளை உள்ளிட்ட அபாய மாவட்டங்களில் புதிய கட்டடத்துக்கு 2011 முதல் இது கட்டாயம். இது இல்லாமல் சபை வரைபடத்தை ஏற்காது. அங்கீகரித்த வரைபடம் இல்லாமல் இணக்கச் சான்றிதழ் கிடைக்காது. அது இல்லாமல் சுற்றுலாப் பதிவும் கையில் வராது. எல்ல இடைவெளியைப் பார்த்தபடி சரிவில் தூண் நாட்டி எழுப்பும் அறைகளுக்குத்தான் வாடகை அதிகம், ஆபத்தும் அங்கேதான். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து தொழிலாளரின் லயன் வீடுகளை மூடியது. அந்த இடம் அபாயமானது என்று நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கைத் தாள் இருந்தும் போவதற்கு வேறு காணி இல்லாதவர்கள் அங்கேயே குடியிருந்தார்கள்.

மொனராகலைப் பக்கம் கதை வேறு. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசியப் பூங்கா போன்ற தேசிய ஒதுக்கம் ஒன்றின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் அபிவிருத்தி வேலை எதையும் வனசீவராசிகள் பணிப்பாளர் நாயகத்தின் முன்அனுமதி இன்றிச் செய்ய முடியாது. யால, லுணுகம்வெஹெர, உடவளவை, கல்லோயா ஆகிய நான்கு தேசியப் பூங்காக்களும் இந்த மாவட்டத்தைத் தொட்டுக் கிடக்கின்றன. ‘சஃபாரி’ கூடாரம் அடிப்பதற்கு மிகவும் கவர்ச்சியான நிலம் பெரும்பாலும் இந்த ஒரு மைலுக்குள்தான் வருகிறது. கதிர்காமம் புனித பூமி என்பதால் கோயிலை ஒட்டிய நிலத்தில் விடுதிகளுக்கு இடமில்லை. அவை மாணிக்க கங்கைக்கு இப்பால் உள்ள நகரத்திலும் செல்ல கதிர்காமம் செல்லும் வழியிலும் நிற்கின்றன. ஆடித் திருவிழாவில் அறைக்குப் பல மடங்கு வாடகை கேட்பதைத் தடுக்கும் விதியைவிட மடத்துத் திண்ணைகளே ஏழை யாத்திரிகரைக் காப்பாற்றி வந்திருக்கின்றன.

இந்த விதிகள் யாவும் காணி உறுதியில் தொடங்குகின்றன. உறுதியோ பதிவுசெய்த குத்தகையோ இல்லாதவர் விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்தையே தாண்ட முடியாது. தேயிலைத் தோட்டங்களில் பெரும்பாலானவை 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு மாறின. காணி அரசுக்கு, குத்தகை கம்பனிக்கு, லயன் காம்பரா தொழிலாளிக்கு. காம்பராவில் நான்கு தலைமுறையாக வாழ்ந்தவருக்கும் அது எழுத்தில் சொந்தமில்லை. ஆகவே பழைய துரை பங்களா மலையுச்சித் தங்குமிடமாக மாறிப் பதிவும் பெறலாம். அதற்குக் கீழே அதே பனிமூட்டத்தைப் பார்த்தபடி இருக்கும் லயத்து வீட்டுக்காரர் ஒரு பயணிக்குத் தேநீரும் ரொட்டியும் கொடுத்துப் பாய் விரித்தால் அது விதிமீறல். விருந்தோம்பல் தெரியாதவர்கள் அல்ல இவர்கள். துரை பங்களாக்களின் சமையலும் தோட்டமும் இவர்கள் கைகளில்தான் இருந்தன, பல இடங்களில் இன்றும் இருக்கின்றன.

பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் தம் நிதியைச் செலவிடச் சட்டம் 2018 வரை வழிவிடவில்லை. அந்த ஆண்டுத் திருத்தம்தான் தோட்ட வீதிக்கும் குடிநீருக்கும் சபை கைகொடுக்க வழிசெய்தது. தோட்டத் தொழிலாளருக்கான அண்மைக் காலத் தனி வீட்டுத் திட்டங்களில் ஏழு பேர்ச் காணியும் உறுதியும் என்ற ஏற்பாடு வந்தது. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் நடந்த நிகழ்வில் இந்திய உதவி வீட்டுத் திட்டத்தின் சுமார் 2,000 பயனாளிகளுக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. ஏழு பேர்ச்சில் குடும்பத்துக்கு ஒரு வீடும், நெருக்கினால் விருந்தினருக்கு ஓர் அறையும் அடங்கும். மற்றத் தோட்டக் காணியில் பெரும்பகுதி கம்பனிகளின் குத்தகையில் இருக்கிறது. 53 ஆண்டுக்கு எழுதிய அந்தக் குத்தகை 2045இல் முடிகிறது.